வங்கி பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் பணம் போனவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தொகுத்தது இது. எல்லாம் இந்திய வங்கிகளுக்கும் இந்தியச் சட்டத்துக்கும் உரியவை. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

அக்கவுன்ட்ல இருந்து திடீர்னு காசு போயிருக்கு. எதுக்குப் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாஸ்புக்கில் பதிவு போடுங்கள், அல்லது ஆப்பில் ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஒற்றை வரியைப் பார்க்காமல் குறைந்தது ஓராண்டுக்குப் பாருங்கள். ஒரு மாதம் பிடித்திருந்தால் மற்ற மாதங்களிலும் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.

விவரம் புரியாத சுருக்கெழுத்தாக இருந்தால் தொகையைக் கவனியுங்கள். வங்கிக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. அதனால் 17.70, 236, 590 போன்ற விநோதமான எண்கள் விழும். 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள்: 15, 200, 500 என்று முழுசாக வந்தால் அது கட்டணம்தான். அப்புறம் அந்த வரிக்கு விளக்கம் கேட்டுக் கிளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகார் பிறகு. முதலில் எதற்காகப் பிடித்தார்கள் என்பது எழுத்தில் வரட்டும்.

பிடிச்ச எல்லாத்தையும் திரும்பக் கேக்கலாமா?

கேட்கலாம், எல்லாம் கிடைக்காது. கட்டணம் அதிகம் என்பது மட்டும் காரணமாக நிற்காது. பெரும்பாலான சேவைகளுக்கு என்ன கட்டணம் வைப்பது என்பதை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியிடமே விட்டிருக்கிறது. ஏ.டி.எம்.மை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வங்கி இயந்திரத்தில் மாதம் 5 முறை, பிற வங்கி இயந்திரத்தில் சென்னை போன்ற பெருநகரம் என்றால் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 2025 மே 1 முதல் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். அந்த எண்ணிக்கையைத் தாண்டியிருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

திரும்பக் கிடைப்பவை மூன்று வகை. ரிசர்வ் வங்கி விதிக்கு மாறாகப் பிடித்தது. நீங்கள் கேட்காத சேவைக்குப் பிடித்தது. முன்கூட்டிச் சொல்லாமல் பிடித்தது. உங்கள் கட்டணம் இதில் எதில் சேரும் என்று முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு மாசா மாசம் பிடிக்கிறாங்க. இது சரியா?

அதிகம் பேர் பணம் இழப்பது இதில்தான், நியாயமாகத் திரும்ப வாங்க முடிவதும் இதில்தான். மினிமம் பேலன்ஸுக்கு அபராதம் போட வங்கிக்கு அனுமதி உண்டு, ஆனால் நிபந்தனைகளோடு. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது: இருப்பு குறைந்தால் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும்; இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும்; அதற்குப் பிறகுதான் பிடிக்கலாம். இருப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதமும் இருக்க வேண்டும். 3,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,900 வைத்திருந்தவருக்கும் ஒன்றுமே வைக்காதவருக்கும் ஒரே அபராதம் என்றால் அது தவறு. இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது.

ஆகவே வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இருப்பு குறைந்ததாக எனக்கு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, என்ன செய்தி அனுப்பினீர்கள்? நகல் தாருங்கள்.” பல நேரம் அந்த நகல் அவர்களிடம் இருக்காது. அல்லது அபராதம் பிடித்த பிறகு போன செய்தியைக் காட்டுவார்கள். அதுவே உங்கள் சாட்சி.

அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் என்ற பேச்சே கிடையாது. இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாததால் செயலற்றதாகிவிட்ட கணக்கிலும் இந்த அபராதம் பிடிக்கக் கூடாது. அதைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது. ஸ்டேட் வங்கி 2020-லேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025-ல் கனரா, இந்தியன் வங்கி உள்ளிட்ட சில பொதுத்துறை வங்கிகளும் கைவிட்டன. உங்கள் வங்கி கைவிட்ட தேதிக்குப் பிறகும் ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சேலரி அக்கவுன்ட்தான், ஜீரோ பேலன்ஸ்னு சொன்னாங்க. வேலையை விட்டதும் ஆயிரக்கணக்குல பிடிச்சிருக்காங்களே?

சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் சம்பளக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுவது வங்கிகளின் வழக்கம். மாற்றுவது தப்பில்லை; மாற்றியதைச் சொல்லாமல் அபராதம் போடுவது தப்பு. முன் பதிலில் சொன்ன ஒரு மாத அவகாச விதி இங்கேயும் அப்படியே பொருந்தும். கூடவே “என் கணக்கின் வகையை மாற்றியதாக எனக்கு எப்போது தெரிவித்தீர்கள்?” என்றும் கேளுங்கள். பழைய அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினோம் என்பார்கள். வேலையை விட்டவருக்கு அந்த மின்னஞ்சல் எப்படித் திறக்கும் என்று எழுதுங்கள்.

நான் கேக்கவே இல்லை, இன்சூரன்ஸ்னு 436 ரூபா போயிருக்கு. அப்புறம் ஒரு 20 ரூபா.

இவை பிரதமரின் இரண்டு காப்பீட்டுத் திட்டங்களின் ஆண்டுப் பிரீமியம். ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20. நல்ல திட்டங்கள்தான். ஆனால் உங்கள் சம்மதம் இருந்தால் மட்டுமே கணக்கில் இருந்து எடுக்கலாம். நீங்கள் சம்மதித்த படிவத்தின் நகலையோ ஆன்லைன் பதிவையோ கேளுங்கள். நகல் இல்லை என்றால் பணம் திரும்ப வர வேண்டும். வேண்டாம் என்றால் தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தவும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் போகும். ஒரு யோசனை: நிறுத்துவதற்கு முன் வீட்டில் யாருக்காவது அந்தக் காப்பீடு தேவைப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 436 ரூபாய்க்கு 2 லட்சம் கவரேஜ் வேறு எங்கும் சுலபத்தில் வராது.

நகைக்கடன், வீட்டுக்கடனோடு சேர்த்துத் தள்ளிவிட்ட பெரிய பாலிசி என்றால் கதை வேறு. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதி ரத்து செய்யலாம். அந்த நாட்களை வங்கியோடு வாதாடியே கடத்திவிடாதீர்கள்.

லோனை முன்னாடியே அடைச்சா ஃபைன் போடுறாங்க. கட்டணுமா?

தனிநபராக, சொந்தத் தேவைக்கு, மாறும் வட்டியில் வாங்கிய கடன் என்றால் கட்ட வேண்டியதில்லை. வீட்டுக்கடனுக்கு 2012-லும், தனிநபர்களின் மற்ற மாறும் வட்டிக் கடன்களுக்கு 2014-லும் வங்கிகள் முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வாங்குவது தடைசெய்யப்பட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே வராது. ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கடனை அடைத்த 30 நாளுக்குள் அடமானமாக வாங்கிய சொத்துப் பத்திரத்தை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. முன்கூட்டி அடைப்புக் கட்டணத்துக்குச் சண்டை போடும் பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

கிரெடிட் கார்டு வேண்டாம்னுதான் சொன்னேன். அனுப்பிட்டு இப்ப வருஷக் கட்டணம் கேக்குறாங்க.

கேட்காமல் அனுப்பிய கார்டுக்குக் கட்டணம் போட்டால் அதை ரத்து செய்வதோடு, அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் வங்கி தர வேண்டும். 2022 ஆண்டின் கார்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. கார்டை மூடச் சொல்லி, பாக்கி எதுவும் இல்லாமல் இருந்தும் 7 வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால் நாளொன்றுக்கு 500 ரூபாய். எனவே மூடச் சொன்ன தேதிக்கு ஆதாரம் முக்கியம். போனில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே ஒரு மின்னஞ்சலும் தட்டிவிடுங்கள்.

மேனேஜர் தெரிஞ்சவர்தான். நேர்ல போய்ப் பேசினாப் போதாதா?

போய்ப் பேசுங்கள், சில சமயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பேச்சு கணக்கில் வராது. கவுன்டரில் எவ்வளவு சத்தம் போட்டாலும் அங்கே உட்கார்ந்திருப்பவரால் கணினி பிடித்த பணத்தைத் திருப்ப முடியாது. மேலே செல்லும்போது ரிசர்வ் வங்கியோ நுகர்வோர் ஆணையமோ முதலில் கேட்பது “வங்கிக்கு எழுத்தில் எப்போது புகார் கொடுத்தீர்கள்?” என்பதுதான். “பார்க்கிறேன் சார்” என்று மேனேஜர் சொன்ன நாள் அங்கே செல்லாது. கடிதத்தில் சீல் விழுந்த நாள்தான் செல்லும்.

கடிதத்துல என்னதான் எழுதணும்?

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். உங்கள் மன உளைச்சல், வங்கியோடு உள்ள 20 ஆண்டு உறவு, மேனேஜரின் நடத்தை எல்லாம் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

“என் சேமிப்புக் கணக்கில் (கடைசி நான்கு இலக்கம் ____) ____ தேதியில் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக 500 ரூபாயும் ஜி.எஸ்.டி. 90 ரூபாயும் ஆக 590 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கி விதிப்படி இருப்பு குறைந்ததை முன்கூட்டித் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தந்திருக்க வேண்டும். எனக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. அனுப்பியிருந்தால் நகல் தரவும். இல்லையெனில் 590 ரூபாயை என் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும். 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் செல்வேன்.”

ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்டேட்மென்டில் அந்த வரியை வட்டமிட்டு நகலை இணையுங்கள். சுற்றறிக்கை எண்ணைத் தேடி அலைய வேண்டாம். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஆயிரக்கணக்கான பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்து முதன்மை வழிகாட்டுதல்களாக மாற்றிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய எண்ணைப் போட்டால் “அது ரத்தாகிவிட்டது” என்று ஒரு வரியில் பதில் வரலாம். விதி என்ன சொல்கிறது என்பதை எழுதுங்கள்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அஞ்சலகம் போங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டிலேயே பதிவும் பட்டுவாடாச் சான்றும் கேட்டு வாங்கலாம். வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கும் (புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) அதே கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும்.

தமிழ்ல எழுதலாமா? இங்கிலீஷ்ல எழுதினாத்தான் மதிப்பாங்களா?

தமிழிலேயே எழுதுங்கள். வங்கிகள் மீதான புகார்களைப் பெறும் ரிசர்வ் வங்கியின் சண்டிகர் மையமும் தபாலிலும் மின்னஞ்சலிலும் வரும் புகார்களை எந்த மொழியிலும் ஏற்கிறது. தேதி, தொகை, கணக்கு விவரம் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

30 நாள் ஆச்சு, ஒரு பதிலும் இல்லை. அடுத்து என்ன?

ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் அவரிடம் போகலாம். 2021 நவம்பர் 12-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்துக்குப் பிறகு எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் போடலாம், அல்லது சண்டிகர் செக்டர் 17-ல் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448 என்ற எண். கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் போட்டால் ஏற்க மாட்டார்கள், நீங்களே போட வேண்டும்.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராக இங்கே போனால் புகார் திரும்பிவிடும். 2021 திட்டப்படி வங்கியின் பதில் வந்ததில் இருந்து ஓராண்டுக்குள் போடலாம். ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள், திட்டத்தின் விதிகள் மாறக்கூடியவை. முப்பத்தோராம் நாளே போடுவதில் என்ன கஷ்டம்?

“குட்வில்லுக்காகப் பாதி தர்றோம்”னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

புகார் சரியான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதை விட நல்ல அறிகுறி வேண்டாம். பெரும்பாலும் நோடல் அதிகாரியிடம் போன பிறகுதான் இந்தக் குரல் வரும். பணம் வந்தால் வரட்டும். “முழுமையான தீர்வாக ஏற்றுக்கொண்டேன்” என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். “பகுதித் தொகை வரவானது, மீதிக்கான கோரிக்கை தொடர்கிறது” என்று பதில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

உங்கள் வழக்கு அவ்வளவு வலுவாக இல்லை என்றால், உதாரணமாக அறிவிப்பு வந்தும் நீங்கள் பார்க்காமல் விட்டிருந்தால், பாதியை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆம்பட்ஸ்மேன்கிட்ட போறதா, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதா?

விதி தெளிவாக மீறப்பட்டு, பிடித்த பணம் திரும்ப வந்தால் போதும் என்றால் ஆம்பட்ஸ்மேன். காலதாமதம், அலைக்கழிப்பு, வேறு இழப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டும், சாட்சி விசாரணை தேவைப்படும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஆம்பட்ஸ்மேனும் மன உளைச்சலுக்கு இழப்பீடு தரலாம் (2021 திட்டத்தில் 1 லட்சம் வரை), ஆனால் சின்னக் கட்டணப் புகார்களில் அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

வரிசை முக்கியம். ஒரே விஷயம் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் தொட மாட்டார். அதனால் முதலில் ஆம்பட்ஸ்மேன், கிடைக்காவிட்டால் ஆணையம். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு வங்கியை மிரட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட்னா வக்கீல், ஃபீஸ்னு செலவு ஆகுமே?

வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஆணையக் கட்டணமும் இல்லை. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத வசதி இது. நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம்.

மனுவில் தேதிவாரியாக நடந்ததை எழுதி, கடிதம், தபால் சான்று, வங்கிப் பதில், ஸ்டேட்மென்ட் ஆகியவற்றுக்கு வரிசை எண் போட்டு இணைத்து, ஒரு பிரமாண வாக்குமூலமும் சேர்க்க வேண்டும். வங்கிக்கு 30 நாள், கூடுதலாக 15 நாள் பதில் அளிக்க அவகாசம். அதைத் தாண்டினால் பதிலை ஏற்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதை விட நீளும். பொறுமை இருந்தால் இறங்குங்கள்.

590 ரூபாய்க்குப் போய்க் கேஸ் போடுறது நல்லாவா இருக்கும்?

அந்தத் தொகைக்கு ஆணையம் வரை போக நான் சொல்ல மாட்டேன். கடிதம், ஆம்பட்ஸ்மேன், அதோடு நிறுத்துங்கள். இரண்டுக்கும் தபால் செலவுக்கு மேல் ஆகாது. மாதாமாதம் பிடித்தது ஒன்றுசேர்ந்து பெரிய தொகையாகிவிட்டது, அல்லது அந்தப் பிடித்தத்தால் காசோலை திரும்பி அதற்கும் தண்டம் கட்டினீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது ஆணையம்தான் சரியான இடம்.

மூணு வருஷம் முன்னாடி பிடிச்சதை இப்பதான் பார்த்தேன். கேக்கலாமா?

நுகர்வோர் ஆணையத்துக்குக் காலவரம்பு 2 ஆண்டு. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனால் “கவனிக்கவில்லை” என்பது பலமான காரணம் அல்ல. பழையதும் புதியதும் கலந்திருந்தால் எல்லாவற்றையும் பட்டியலிட்டு வங்கிக்கு எழுதுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்ததைக் காட்ட அது உதவும். வங்கி தானாகத் தந்தால் காலவரம்பு தடையில்லை. மேலே போகும்போது வரம்புக்குள் வருவதை மட்டும் கோரிக்கையாக வையுங்கள்.

“நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க”ங்கிறாங்க. அப்ப அவ்வளவுதானா?

இல்லை. ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரான நிபந்தனையை நீங்கள் கையெழுத்திட்டதால் மட்டும் வங்கி காப்பாற்றிக்கொள்ள முடியாது. அந்த விதி வங்கியைக் கட்டுப்படுத்துவது.

விதி எதுவும் மீறப்படவில்லை, ஆனால் நிபந்தனையே அநியாயம் என்றால்? 2019 சட்டம் “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று ஒரு வகையைப் புதிதாகச் சேர்த்தது. இழப்புக்குப் பொருந்தாத அளவு அபராதம் போடும் ஒப்பந்தம் அதில் வரும். இங்கேதான் ஒரு குழி இருக்கிறது: நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் போடுவதாக இருந்தால் ஒப்பந்தத்தைத் தாக்காமல், அறிவிப்புத் தராதது, சம்மதம் வாங்காதது என்று சேவைக் குறைபாடாக எழுதுங்கள்.

கடைக்கான கரன்ட் அக்கவுன்ட். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆம்பட்ஸ்மேன் வரை பொருந்தும், அங்கே வணிகர் என்பது தடையில்லை. நுகர்வோர் ஆணையத்தில்தான் சிக்கல். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்றால் நீங்கள் நுகர்வோர் அல்ல. சுயதொழில் செய்து அதன் மூலமே பிழைப்பு நடத்துபவர் விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். அப்படியானால் மனுவின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். வங்கி வக்கீல் முதலில் எழுப்பும் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும். மேலே சொன்ன மினிமம் பேலன்ஸ் விதி சேமிப்புக் கணக்குக்கு உரியது என்பதையும் மறக்க வேண்டாம்.

புகார் போட்டா சிபில்ல கை வெச்சிடுவாங்களோ?

சேமிப்புக் கணக்குக் கட்டணப் புகாரால் சிபில் என்ற கடன் மதிப்பெண் குறையாது. கடன், கிரெடிட் கார்டு என்றால் எச்சரிக்கை தேவை. தகராறில் உள்ள கட்டணத்தை மட்டும் நிறுத்திவைத்து, மீதி முழுவதையும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் கட்டாமல் விடுவது பெரிய தவறு. தவறான பதிவு விழுந்தால் கடன் தகவல் நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஆர்டர் எனக்குச் சாதகமா வந்துடுச்சு. பேங்க் இன்னும் தரலையே?

வங்கி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் இருக்கிறது. செய்தால் உத்தரவான தொகையில் பாதியை அங்கே கட்ட வேண்டும். அதனால் சிறு தொகைக்கு மேல்முறையீடு போவது குறைவு. 45 நாள் கழிந்தும் சத்தம் இல்லை என்றால் உத்தரவின் சான்றிட்ட நகலோடு அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். சட்டத்தின் 71-ஆம் பிரிவில் தொகையை வசூலிக்கலாம். 72-ஆம் பிரிவில் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 72-ஆம் பிரிவு மனுவின் நோட்டீஸ் கிளை மேலாளர் பெயருக்குப் போனால் பணம் அநேகமாக அடுத்த வாய்தாவுக்கு முன்பே வந்துவிடும். வந்த தொகையில் உத்தரவில் சொன்ன வட்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு மனுவை முடித்துக்கொள்ளுங்கள்.